அரளி விஷமும் அவசர சிகிச்சையும்
(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



வேலியோரத்திலும் கோயில் நந்தவனத்திலும் வளரும் மஞ்சள் அரளியை அறியாதவர் கிராமத்தில் இலர். அச்செடி முழுவதும் விஷமாகும். குழந்தைகள் அறியாமல் அதன் காயைக் கடிப்பதுண்டு. மனம் நொந்தவர் அறிந்தே உண்பதுமுண்டு. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இதனால் மாண்டோர் பலர்.

இவ்விஷம் இருதயத்தைத் தாக்குகிறது. நாடி தளர்ந்து தாளம் தவறும். இரத்தத்தில் பொட்டாசியம் என்னும் உப்புச்சத்து ஏறும். முடிவில் இருதயம் நின்றுபோகலாம். முதலில் வாந்தியும் தலைச்சுற்றலும் காணும். சிலரோ பல மணி நேரம் நன்றாகவே பேசிக்கொண்டிருப்பர். "வாந்தி நின்றது, பிழைத்தான்" என்று வீட்டார் எண்ணியிருக்கும் வேளையிலேயே அபாயம் நேரிடுகிறது.

ஆகையால் கணமும் தாமதியாது 108 வண்டியை அழைத்தல் வேண்டும். உப்புநீர், சாணிக் கரைசல் முதலியவற்றைப் புகட்டி வாந்தி எடுக்கச் செய்தல் கூடாது. அது சுவாசப்பையில் புகுந்து கேடு செய்யும். மயங்கியவரை ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். மூச்சு நின்றுவிட்டால் மல்லாத்திக் கிடத்தி, மார்பின் நடுவே நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை வீதம் பலமாய் அழுத்தி வருக. உண்ட செடியின் துண்டு ஒன்றையும் உடன் கொண்டுசெல்க.

வைத்தியசாலையில் இருதயத்தின் மின்னோட்டத்தைப் பதிவுசெய்து பார்ப்பர், மருந்துக்கரி கொடுப்பர், நாடி தளர்ந்தால் அட்ரோபின் ஊசி போடுவர், வேண்டுமாயின் தற்காலிகமாக இருதயத்தை இயக்கும் பேஸ்மேக்கர் கருவியைப் பொருத்துவர். ஆட்டின் இரத்தத்திலிருந்து எடுக்கும் முறிமருந்து இருதயத் தாளத்தைச் சீர்படுத்துவதாகக் கொழும்பில் செய்த பரீக்ஷை 2000ஆம் ஆண்டில் வெளியாயிற்று. விலை மிகுதியால் அது எல்லா இடங்களிலும் கிடைப்பதில்லை. நோயாளி தேறியவர்போல் தோன்றினும், வைத்தியர் விடைகொடுக்குமுன் வீட்டுக்கு அழைத்துவரலாகாது.

போலீஸ் விசாரணைக்கு அஞ்சி உண்மையை மறைப்பவர் உளர். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மனவேதனைக்கு உள்ளானவராகக் கருதி, தண்டனையின்றிப் பராமரிக்க வேண்டுமென்பதே 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் கருத்து. ஆகவே, உண்டது இன்னதென்றும் எப்பொழுதென்றும் வைத்தியரிடம் ஒளியாமல் கூறுக.

சங்கத்துக்கும் இதில் கடமையுண்டு. வண்டி வைத்திருப்போர் பெயர்களைச் சங்கக் கட்டடத்தில் எழுதிவைக்கலாம். கடன் தொல்லையால் மனமுடைந்தவரைக் கண்டால், தவணை கேட்க வழியுண்டென்று முன்னதாகவே எடுத்துரைத்து, 14416 என்ற இலவச மனநல ஆலோசனை எண்ணையும் சொல்லி, தனியே விடாதிருத்தல் வேண்டும். கடனுக்குத் தவணையுண்டு, தளரும் இருதயத்துக்குத் தவணையில்லை.