வாயில்லாப் பிராணிக்கு நாமே பொறுப்பு
(தோட்ட மக்கள் முன்னிலையில் சாய்ந்தமருது சுகாதாரத் தொண்டர்கள் ஆற்றிய உரை)



நாங்கள் கடற்கரையிலிருந்து வந்திருக்கிறோம். எங்கள் சாய்ந்தமருது முஸ்லிம் ஊர். வீட்டில் நாய் வளர்ப்பவர்கள் குறைவு. ஆனால் பூனை இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். உங்கள் லயங்களிலோ நாய்தான் காவல். பிராணி வேறாக இருக்கலாம், பொறுப்பு ஒன்றுதான்.

எங்கள் பக்கத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். தெருவில் கிடந்த பூனையை ஒரு சிறுவன் வீட்டுக்குக் கொண்டுவந்தான். அது கையைக் கடித்துவிட்டது. “உம்மா ஏசுவா” என்று பயந்து மறைத்துவிட்டான். மூன்றாம் நாள் பூனை செத்தது. பிறகுதான் அழுதழுது சொன்னான். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஊசி போட்டார்கள். பிள்ளை நலமாக இருக்கிறான்.

விசர் நாயிடம் மட்டுந்தான் வரும் என்று நினைக்காதீர்கள். பூனையிடமிருந்தும் வரும். எச்சிலில் உள்ள கிருமி, கடிகாயம் வழியாக நரம்பில் ஏறி மூளைக்குப் போகிறது. நோயின் குணங்குறி தெரிந்துவிட்டால் உயிர் பிழைப்பது மிக மிக அரிது. 1973இல் நமது நாட்டில் 377 பேர் இந்நோயால் இறந்தார்கள். தடுப்பூசி பரவிய பிறகு அந்தத் தொகை பெரிதும் குறைந்தது. ஆனாலும் இன்னும் ஆட்கள் சாகிறார்கள்.

ஆகவே நாம் செய்ய வேண்டியது என்ன?

நாய்க்கும் பூனைக்கும் ஆண்டுதோறும் விசர்த் தடுப்பூசி போடுங்கள். ஊசி போடும் நாளைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு வையுங்கள். அட்டையைப் பத்திரப்படுத்துங்கள்.

குட்டிகள் வேண்டாமென்றால் கருத்தடை செய்யுங்கள். பெட்டைக்குட்டிகளைச் சாக்கில் கட்டி றோட்டோரம் விடுவது பாவம். பிழைத்த குட்டிதான் நாளைக்கு ஊசியில்லாத தெருநாய்.

கடித்தாலோ பிறாண்டினாலோ, சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மிளகாய்த்தூள், கோப்பித்தூள், சுண்ணாம்பு ஒன்றும் பூசவேண்டாம். மந்திரிக்கப் போய் நேரத்தைப் போக்காமல் அன்றே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஊசி இலவசம். ஒரு நாள் பேர் போனால் போகட்டும், உயிர் போகக் கூடாது.

கடித்தது வளர்ப்பு நாய் என்றால் அடித்துக் கொல்லாதீர்கள். கட்டிவைத்து 14 நாள் கவனியுங்கள். அதில் மாற்றம் கண்டாலோ, செத்தாலோ, காணாமற் போனாலோ, உடனே வைத்தியரிடம் சொல்லுங்கள்.

தாகத்தால் தவித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவரின் பாவம் மன்னிக்கப்பட்டதாக எங்கள் நபிமொழி சொல்கிறது. உங்கள் கோவிலில் வைரவர் பக்கத்தில் நாய் நிற்கிறது. இரக்கம் எல்லாருக்கும் பொது.

கடைசியாக ஒன்று. இன்று இரவு சாப்பிடும்போது பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: “நாய் கடிச்சா, பூனை பிறாண்டினா ஒடனே வந்து சொல்லு. நாங்க ஏச மாட்டோம்.” அந்த ஒரு வார்த்தை ஒரு உயிரைக் காப்பாற்றும்.