தாய்ப்பாலும் புது ஊசியும்



பிள்ளை பெற்றவள் மூட்டுவாதத்தால் துடித்தாலும், "ஊசி போட்டால் பால் விஷமாகும், பொறுத்துக்கொள்" என்று சொல்லுகிறவர்கள் நம் நாஞ்சில் நாட்டில் இருக்கிறார்கள். இதற்கு ஆதாரம் என்ன என்று கேட்கின்றோம்.

1975-ல் கேம்பிரிட்ஜில் கோலர், மில்ஸ்டைன் என்னும் இருவர், ஒரே வகையான எதிர்ப்புப் புரதத்தை ஆய்வுச்சாலையில் உண்டாக்கும் வழியைக் கண்டார்கள். அவ்வழி வந்தவையே இன்பிளிக்சிமாப், அடலிமுமாப் முதலிய ஊசிகள். இவை மிகப் பெரிய மூலக்கூறுகளாதலால் பாலில் இறங்குவது அற்பம். இறங்கியதும் புரதமாதலால் குழந்தையின் வயிற்றில் பெரும்பாலும் செரித்துவிடுகிறது. அமெரிக்க வாதநோய் வைத்தியர் சங்கமும் 2020-ல் இவற்றைப் பாலூட்டும் தாய்க்குக் கொடுக்கலாம் என்றே கூறிற்று.

ஆனால் எல்லா மருந்தும் ஒன்றல்ல. மெத்தோட்ரெக்சேட்டை விலக்குவதே நலம் என்றது அதே சங்கம். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் ஊசி போட்டிருந்தால் அது நஞ்சுக்கொடி வழியே குழந்தையைச் சேர்ந்திருக்கும், ஆகவே பி.சி.ஜி. போன்ற உயிருள்ள தடுப்பு மருந்து போடுமுன் வைத்தியரிடம் சொல்லியாக வேண்டும்.

சீம்பாலைக் கொட்டச் சொன்ன வாய்தான் இன்று மருந்தையும் தடுக்கிறது. பெண் வலி பொறுக்கவே பிறந்தவள் என்பதன்றி இதில் வேறென்ன இருக்கிறது? நாம் சொல்வதையும் அப்படியே நம்பாதீர்கள். ஆசாரிபள்ளம் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டு, யோசித்து முடிவு செய்யுங்கள்.