முதல் முதலாளி: லெட்டர் இல்லாத ரெண்டு ஆஃபர்

போன எபிசோடுல ஐடி வேலைக்கு வர்ற ஆஃபர் லெட்டரை எப்படிப் படிக்கணும்னு பேசினோம். அதைக் கேட்டுட்டு என் சித்தி பையன் போன் பண்ணான். "அண்ணா, எனக்கும் ரெண்டு ஆஃபர் வந்திருக்கு. லெட்டர்தான் இல்ல."

அவனுக்கு 23 வயசு. ஊர் நாமக்கல் பக்கம். அங்க தெருவுக்கு ஒரு வீட்லயாவது லாரிக் கதை இருக்கும். ரெண்டு வருஷம் கிளீனரா போயிட்டு, இப்பதான் ஹெவி லைசன்ஸ் எடுத்திருக்கான். நான் கார் தாண்டி எதையும் ஓட்டினது இல்ல. அதனால இந்த எபிசோடுல பாதி அறிவு எங்க மாமாவோடது. 30 வருஷம் லைன் வண்டி ஓட்டினவர்.

முதல் ஆஃபர், ஒரே ஒரு லாரி வச்சிருக்கற ஓனர். 12 வீல் வண்டி. வாடகையில பங்கு, தினப்படி, அதுக்கு மேல கையில 50,000 ரூபாய் அட்வான்ஸ். ரெண்டாவது, ஒரகடம் பக்கம் கன்டெய்னர் ஓட்டுற ஒரு கம்பெனி. மாசச் சம்பளம், பி.எஃப். உண்டு. ஆனா முதல் மூணு மாசம் சீனியர் டிரைவர்கூட ரெண்டாவது ஆளா போகணும், அதுவரைக்கும் சம்பளம் ரொம்பக் கம்மி. சித்திக்குக் குழு லோன் ஒண்ணு ஓடிட்டிருக்கு. அவங்களுக்கு எந்த ஆஃபர் பிடிச்சிருக்கும்னு நான் சொல்லத் தேவையில்ல.

நான் உடனே ஒரு எக்ஸெல் ஷீட் போட்டேன். (சிரிப்பு) ஒரு டிரிப்புக்கு எவ்வளவு நிக்கும், மாசம் எத்தனை டிரிப்புன்னு. மாமா அதைப் பாத்துட்டு சொன்னார்: "வண்டி ஓடுறப்ப எல்லா முதலாளியும் நல்லவந்தான் கண்ணு. நிக்கிறப்ப என்ன தர்றான்னு கேளு."

இதுதான் விஷயமே. லோடு இறக்க குடோன் வாசல்ல ரெண்டு நாள், மூணு நாள் காத்துக் கிடக்கறது சாதாரணம். திரும்பி வர லோடு கிடைக்காம புரோக்கர் ஆபீஸ்ல உக்காந்திருக்கறது தனி. வாடகையில பங்குன்னா, அந்த நாளுக்கெல்லாம் வருமானம் இல்ல. ஹால்ட்டுக்குப் படி உண்டான்னு முன்னாடியே கேட்டாத்தான் உண்டு. அடுத்தது அபராதம். ஓவர்லோடுல மாட்டினா 20,000 ரூபாய், அதிகமா இருக்கற ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. அதை யார் கட்டுறது? ஓனரே கட்டினாலும், லைசன்ஸ் சஸ்பெண்ட் ஆனா அது டிரைவரோடது. 23 வயசுல அவன்கிட்ட இருக்கற ஒரே சொத்து அந்த லைசன்ஸ்தான்.

அந்த 50,000 எனக்கு நல்லாவே தெரிஞ்ச விஷயம். நான் முதல்ல சேர்ந்த கம்பெனி என் ஒரிஜினல் சர்டிபிகேட்டை ரெண்டு வருஷம் வாங்கி வச்சிருந்துச்சு. அதுக்குப் பேரு பாண்டு. இங்க பணத்தைக் கையில குடுத்துப் பிடிச்சு வைக்கறாங்க, அவ்வளவுதான் வித்தியாசம். கணக்கு தீர்ற வரைக்கும் "இந்த லோடு வேண்டாங்க"ன்னு சொல்ல வாய் வராது.

அப்புறம் ஒரு கேள்வி மாமா கேக்கச் சொன்னார்: "இதுக்கு முன்னாடி ஓட்டினவன் எங்க?" விசாரிச்சா, ஒரு வருஷத்துல மூணு டிரைவர் மாறியிருக்காங்க.

என் பங்குக்கு நான் பண்ணது ஒண்ணே ஒண்ணுதான். வண்டி நம்பரை எம்பரிவாகன் ஆப்ல போட்டுப் பாத்தேன். இன்சூரன்ஸ் முடிஞ்சு நாலு மாசம் ஆகுது! இன்சூரன்ஸ் இல்லாத வண்டியை ஓட்டினா ஓனர் மேல மட்டும் கேஸ் இல்லைங்க, ஓட்டுனவர் மேலயும்தான். அபராதம் முதல் தடவை 2,000, இல்லேன்னா மூணு மாசம் வரைக்கும் ஜெயில். ஆக்சிடென்ட் ஆகி யாராவது நஷ்டஈடு கேட்டு கேஸ் போட்டா, அதுலயும் டிரைவர் பேரைச் சேர்ப்பாங்க.

ஒரு லாரி ஓனர் எல்லாரும் இப்படின்னு சொல்லல. மாமாவோட முதல் முதலாளியும் ஒத்த லாரிக்காரர்தான். ராத்திரி ரெண்டு மணிக்கு மேல ஓட்டக்கூடாதுன்னு சாவியை வாங்கி வச்சுக்குவாராம். ஆனா நல்ல ஆள் கிடைச்சாத்தான் அது. 1961-ல வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், நீண்ட தூரம்னா 10 மணி நேரம்னு வச்சது. அதுவும் அஞ்சு பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்கற இடத்துக்குத்தான். ஒத்த லாரிக்காரர் அந்தக் கணக்குலயே வரல. மாமாகிட்ட இதைச் சொன்னேன். "அப்படி ஒரு சட்டம் இருந்துச்சா?"ன்னு கேட்டார்.

கம்பெனியும் சொர்க்கம் இல்ல. வண்டிக்குள்ள கேமரா, ஜி.பி.எஸ். டீ குடிக்க பத்து நிமிஷம் கூட நின்னா ஆபீஸ்லருந்து போன் வரும்.

தம்பி ஒரகடத்துல சேர்ந்து ரெண்டு மாசம் ஆச்சு. குழு லோன் தவணையை இப்போதைக்கு நான் கட்டுறேன். 50,000 ரூபாயை வேண்டாம்னு சொல்ல வச்சவன்னு சித்தி என்கிட்ட இன்னும் சரியா பேசல. போன வாரம் பெங்களூர்ல ஒரு குடோன் வாசல்ல மூணு நாள் நின்னிருக்கான். மாமா போன் போட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார், படி வந்துச்சான்னு. வந்துச்சாம். ஒரு வாரம் லேட்டா.