ஏழையின் மருத்துவ உரிமையும் இடையில் நிற்கும் நிறுவனமும்

(சங்கத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

கல்விச் சங்கத்தின் விழாவில் மருத்துவக் காப்பீட்டைப் பற்றிப் பேசுவானேன், அதுவும் அமெரிக்க மாநிலங்களின் காப்பீட்டைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். காரணம் உண்டு. ஏழை மக்களின் மருத்துவச் செலவை ஏற்றுக்கொண்ட ஓர் அரசு, அப்பொறுப்பைத் தனியார் நிறுவனங்களின் கையில் ஒப்படைத்தால் என்ன நேரும் என்பதை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கண்டுவரும் நாடு அது. அங்கே ஏழைகள் தங்கள் உரிமையை இழந்த இடம் பல வேளைகளில் மருத்துவமனை அன்று. ஒரு கடிதம், ஒரு படிவம், ஒரு கெடு நாள் ஆகியவற்றில்தான் அது பறிபோயிற்று. ஆகவே இது கல்விச் சங்கம் கேட்க வேண்டிய செய்தியே ஆகும்.

திட்டம் பிறந்த வரலாறு

1965ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் ஒரு சட்டத்தில் கையொப்பமிட்டார். அதன் வழியே இரண்டு திட்டங்கள் பிறந்தன. 65 வயது நிரம்பிய முதியோருக்கு மெடிக்கேர், வறியோருக்கு மெடிக்கெயிடு. முன்னது மத்திய அரசின் திட்டம். பின்னது மத்திய அரசும் மாநில அரசும் பணம் போட்டு, மாநில அரசு நடத்தும் திட்டம்.

இவ்விடத்தில் நம்மவர் அறிய வேண்டிய ஒரு நிகழ்ச்சி உண்டு. 1964இல் நிறைவேறிய குடிமை உரிமைகள் சட்டம், மத்திய அரசின் பணம் பெறும் எந்த அமைப்பும் நிற வேற்றுமை பாராட்டலாகாது என்று விதித்திருந்தது. கறுப்பின மக்களுக்குத் தனி வார்டு வைத்திருந்த மருத்துவமனைகளும், அவர்களை அறவே சேர்க்காத மருத்துவமனைகளும், மெடிக்கேர் பணம் வேண்டுமாயின் அவ்வழக்கத்தைக் கைவிட வேண்டியதாயிற்று. 1966இல் சில மாதங்களுக்குள் ஏறத்தாழ ஆயிரம் மருத்துவமனைகள் அவ்வாறு மாறின. தலைமுறை தலைமுறையாக நின்ற சுவர், பணம் கொடுக்கும் அரசு உறுதியோடு நிபந்தனை விதித்தவுடன் மாதக் கணக்கில் சாய்ந்தது. தனிக் குவளையைக் கண்ட சமுதாயத்துக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

தலைக்கு இவ்வளவு

தொடக்கத்தில் மருத்துவர் வைத்தியம் செய்து பில் அனுப்பினார். மாநில அரசு பணம் கொடுத்தது. ஆண்டுதோறும் செலவு ஏறிற்று. 1982இல் அரிசோனா மாநிலம் எல்லாருக்கும் கடைசியாக இத்திட்டத்தில் சேர்ந்தபோது, தொடக்கத்திலிருந்தே வேறொரு முறையைக் கைக்கொண்டது. 'மேனேஜ்டு கேர்' என்பது அதன் பெயர். பயனாளி ஒருவருக்கு மாதம் இவ்வளவு என்று மாநில அரசு ஒரு நிறுவனத்துக்கு முன்கூட்டியே கொடுத்துவிடும். எந்த மருத்துவரிடம் போகலாம், எந்தச் சிகிச்சைக்கு முன் அனுமதி பெற வேண்டும் என்பவற்றை அந்நிறுவனம் வகுக்கும். செலவு மிகுந்தால் நட்டம் அதற்கு. குறைந்தால் ஆதாயமும் அதற்கு. இன்று மெடிக்கெயிடு பயனாளிகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் இம்முறையில்தான் உள்ளனர்.

இம்முறையை ஆதரிப்போர் கூறும் நியாயத்தையும் நாம் கேட்க வேண்டும். செலவு இவ்வளவுதான் என்று அரசுக்கு முன்னதாகவே தெரிகிறது. நோய் முற்றினால் நட்டம் தனக்கே என்பதால், நோயை முளையிலேயே தடுக்க நிறுவனம் முயலும் என்பர். அது நடக்கவும் கூடும். ஆயினும் நோயைத் தடுத்து மிச்சம் பிடிப்பது கடினம். அனுமதியை மறுத்து மிச்சம் பிடிப்பது எளிது. அரசு விழித்திருக்கும் இடத்தில் முதல் வழி நடக்கும். அரசு உறங்கும் இடத்தில் இரண்டாம் வழி நடக்கும்.

மத்திய அரசின் தணிக்கை அலுவலகம் 2014இல் நிறுவனங்களின் பட்டியலிலிருந்த மருத்துவர்களை அழைத்துப் பார்த்தது. பாதிக்கு மேற்பட்டோரிடம் பயனாளிகளுக்கு நேரம் கிடைக்கவில்லை. பலர் பட்டியலில் கண்ட முகவரியிலேயே இல்லை. அதே அலுவலகம் 2023இல் வெளியிட்ட அறிக்கை, 2019ஆம் ஆண்டில் முன் அனுமதி கேட்ட விண்ணப்பங்களில் எட்டில் ஒன்று மறுக்கப்பட்டதாகக் கூறியது. மறுக்கப்பட்டவர்களில் மேல்முறையீடு செய்தவர்கள் மிகச் சிலரே.

இரு மாநிலங்கள், இரு வழிகள்

அயோவா மாநிலம் 2016 ஏப்ரல் முதல் நாள், ஐந்தரை லட்சத்துக்கு மேற்பட்ட தன் பயனாளிகளை ஒரே வீச்சில் மூன்று நிறுவனங்களிடம் ஒப்படைத்தது. ஆயத்தம் போதவில்லை என்று கருதிய மத்திய அரசு, அதற்கு முன் அந்நாளைத் தள்ளிப்போடச் செய்திருந்தது. பணம் காலத்தில் வந்து சேரவில்லை என்று சிறு மருத்துவ நிலையங்கள் முறையிட்டன. வீட்டிலிருந்தபடியே பெற்றுவந்த உதவி குறைக்கப்பட்டது என்று மாற்றுத்திறனாளிகள் சிலர் 2017இல் வழக்குத் தொடுத்தனர். அவ்வாண்டு நவம்பர் முடிவில் ஒரு நிறுவனம் விலகிற்று. 2019இன் நடுவில், மிகுதியான பயனாளிகளைக் கொண்டிருந்த இன்னொரு நிறுவனமும் விலகிற்று. தொகை பற்றிய பேச்சு முறிந்தால் நிறுவனம் மூட்டை கட்டிக்கொண்டு போகலாம். நோயாளி எங்கே போவார்? மீண்டும் புதிய அட்டை, புதிய பட்டியல், புதிய அனுமதி என்று அலைய வேண்டியவர் அவரே.

கனெக்டிகட் மாநிலம் எதிர்வழியில் சென்றது. 1990களின் நடுப்பகுதியில் நிறுவனங்களை அழைத்து வந்த அம்மாநிலம், 2012 ஜனவரி முதல் நாள் அம்முறையைக் கைவிட்டது. செலவின் பொறுப்பை அரசே ஏற்றுக்கொண்டது. நோயாளிக்கு மருத்துவரைக் கண்டுபிடித்துக் கொடுப்பது போன்ற நிர்வாகப் பணிகளை மட்டும், இலாப நோக்கமற்ற ஓர் அமைப்பிடம் கூலி பேசி ஒப்படைத்தது. சிகிச்சையை மறுப்பதால் அவ்வமைப்புக்கு ஆதாயம் இல்லை. அரசே நடத்தினால் கஜானா தாங்காது என்ற அச்சம் பொய்த்தது. தலைக்கு ஆகும் செலவு கட்டுக்குள் நின்றது. ஒரு முறையைக் கொண்டுவந்த அரசால் அதை மாற்றவும் முடியும் என்பதற்கு அம்மாநிலம் சான்று.

காகிதத்தில் போன உரிமை

இளைஞர்களே, இனிக் கூறப்போவதை உற்றுக் கேளுங்கள். கொரோனாக் காலத்தில் பயனாளிகள் எவரையும் திட்டத்திலிருந்து நீக்கலாகாது என்ற விதி இருந்தது. 2023 ஏப்ரல் முதல் அது தளர்ந்தது. அடுத்த ஓராண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்துக்குள் 2½ கோடிப் பேர் நீக்கப்பட்டனர். அவர்களில் ஏறத்தாழ பத்தில் ஏழு பேர், தகுதியில்லை என்று ஆராய்ந்து நீக்கப்பட்டவர் அல்லர். படிவம் வந்து சேராமையாலும், கடிதம் பழைய முகவரிக்குப் போனமையாலும், கெடு கடந்தமையாலும் நீக்கப்பட்டவர்கள்.

அதற்கும் முன்னர், 2018இல், ஆர்கன்சா மாநிலம் மாதம் 80 மணி நேரம் வேலை செய்ததைக் காட்டுமாறு பயனாளிகளைப் பணித்தது. தொடக்கத்தில் கணினி வழியாக மட்டுமே காட்ட முடிந்தது. அவ்வழியும் இரவு 9 மணிக்கு மூடப்பட்டுக் காலை 7 மணிக்கே திறந்தது. அவ்வாண்டு முடிவதற்குள் 18,000 பேருக்கு மேல் காப்பீட்டை இழந்தனர். வேலை செய்துகொண்டே இழந்தோர் அவர்களில் பலர். 2019 மார்ச்சில் நீதிமன்றம் அதைத் தடுத்தது. ஆயினும் 2025 ஜூலையில் இயற்றப்பட்ட மத்தியச் சட்டம், திட்டத்தை விரிவுபடுத்திய மாநிலங்களில் 2027 தொடக்கத்துக்குள் இத்தகைய நிபந்தனை வர வழி செய்தது.

உரிமையை மீட்கும் வழியும் அங்கே சட்டத்தில் உண்டு. நிறுவனம் மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். 60 நாட்களுக்குள் நிறுவனத்திடமே மேல்முறையீடு செய்யலாம். அங்கும் தோற்றால், 90 முதல் 120 நாட்கள் வரை மாநிலம் வகுக்கும் கெடுவுக்குள் மாநில அரசிடம் விசாரணை கோரலாம். கதவு இருக்கிறது; தட்டுவோர்தாம் குறைவு. படிப்பவர் துணையின்றித் தனித்து நிற்கும் ஏழைக்குக் கதவு இருப்பதே தெரிவதில்லை.

நம் கடமை

நம் மாநிலத்திலும் 2009 ஜூலையில் ஏழைகளுக்கான உயிர்காக்கும் காப்பீட்டுத் திட்டம் தொடங்கிற்று. 2012இல் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாயிற்று. 2018இல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்தது. இங்கும் அரசு பிரிமியம் செலுத்த, காப்பீட்டு நிறுவனம் இடையில் நிற்கிறது. இங்கும் முன் அனுமதி உண்டு, வருமானச் சான்று உண்டு, அட்டை உண்டு. ஆயினும் அட்டையில்லாதவரும் நுழையக்கூடிய அரசு மருத்துவமனை நமக்கு இருக்கிறது. காப்பீடு துணையேயன்றி அடித்தளம் அன்று. அடித்தளம் அரசு மருத்துவமனையே. அதைக் காப்பது நம் முதற்கடமை.

இரண்டாம் கடமை இச்சங்கத்துக்கு உரியது. நம் தெருவில் படித்தவர் ஒருவர், ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் சங்கக் கட்டடத்தில் அமரட்டும். அரசிடமிருந்தோ நிறுவனத்திடமிருந்தோ கடிதம் பெற்றவர்கள் அங்கு வரட்டும். கடிதம் வந்த நாளைக் குறித்துவைத்தல், மறுப்பை எழுத்தில் கேட்டு வாங்குதல், கெடுவுக்குள் முறையிடுதல் ஆகிய மூன்று பழக்கங்களும் வீட்டுக்கு வீடு பரவட்டும். மாணவர்களுக்கு நோட்டுப் புத்தகம் வழங்கும் சங்கம், அம்மாணவர்களின் தாய்மாருக்கு வந்த கடிதத்தையும் படித்துக் காட்டட்டும்.

பொறுப்பை நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டதாக எந்த அரசும் கைகழுவ இயலாது. கொடுக்கப்படும் பணம் மக்களின் பணம். கணக்குக் கேட்பது மக்களின் உரிமை. கேட்கத் தெரிந்தவர்களை உருவாக்குவதற்கே நம் முன்னோர் இச்சங்கத்தைத் தொடங்கினர். பொன்விழாக் கொண்டாடும் நாளில், இங்கே ஒரு கடிதம்கூடப் படிக்கப்படாமல் கிடந்ததில்லை என்று சொல்லும் பெருமையை அடுத்த தலைமுறை பெறுவதாகுக.

வளர்க சங்கம்!