வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அல்லர்

(பொன்விழாவையொட்டி நடந்த பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

விழாக் காலத்தில் செய்த நன்மைகளை எண்ணி மகிழ்வது வழக்கம். நாங்களோ எங்கள் பிழையொன்றை முதலில் சொல்லிவிட விரும்புகிறோம்.

நம் பங்கு மன்றத்தில் சனிக்கிழமைதோறும் சிறுவர்களுக்கு ரோபோ செய்யும் பயிற்சி நடத்தி வருகிறோம். சென்ற ஆண்டு ஒரு தாய் தம் மகனை அழைத்து வந்தார். அவனுக்குப் பேச்சு குறைவு. விரல்களும் எளிதில் வளைவதில்லை. "பாவம், பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும்" என்றோம். மூன்று வாரம் பார்த்தான். நான்காம் வாரம் வரவில்லை. விசாரித்தபோது, "பார்க்கிறதுக்கு வீட்டிலேயே டி.வி. இருக்குதுங்க" என்று மட்டும் அந்தத் தாய் சொன்னார். அந்தச் சொல் எங்களை உறுத்தியது.

அதன் பிறகுதான் இதுபற்றிப் படிக்கத் தொடங்கினோம். 1967இல் அமெரிக்காவில் சைமூர் பாப்பர்ட்டும் அவருடைய தோழர்களும் குழந்தைகளுக்கென 'லோகோ' என்னும் கணினி மொழியை உருவாக்கினர். அதன் கட்டளைப்படி தரையில் ஊர்ந்து செல்லும் சிறு இயந்திரத்துக்கு 'ஆமை' என்று பெயர். ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் சில்வியா வெயர், ரிக்கி இமானுவேல் என்னும் இருவர், ஆட்டிசம் உள்ள ஏழு வயதுச் சிறுவனிடம் அத்தகைய ஆமையை ஒப்படைத்தனர். பொத்தானை அழுத்தினால் ஆமை நகரும். ஆமையை ஆட்டுவிக்கும் வேளையில் அச்சிறுவன் தானாகவே பேச முன்வந்ததை 1976இல் அவர்கள் எழுதினர். அவன் வேடிக்கை பார்க்கவில்லை, ஆணையிட்டான். அதுவே வேறுபாடு.

பார்வையற்ற குழந்தைகளுக்கும் வழியுண்டு. கையால் தொட்டு இணைத்து, எழும் ஓசையைக் கேட்டே கணினிக் கட்டளைகளைக் கற்கும் 'கோட் ஜம்பர்' என்னும் கருவி 2019இல் வெளிவந்தது.

எங்களிடம் பெரிய பணமில்லை. ஆயினும் சிலவற்றை மாற்றினோம். மெல்லிய கம்பிகளுக்குப் பதில் முதலை வாய் போன்ற பெரிய கிளிப்புகள். சிறு திருகாணிக்குப் பதில் ஒட்டிப் பிரிக்கும் பட்டை. உள்ளங்கையால் அழுத்தும் அகலமான பொத்தான். செய்முறையைப் படிப்படியாகப் படம் வரைந்து அட்டைகளில் ஒட்டினோம். மோட்டார் இரைச்சல் பொறுக்காத பிள்ளைக்கு அமைதியான மூலை ஒன்று ஒதுக்கினோம். துணைக்கு அமரும் பிள்ளை, கேட்டால் மட்டுமே கைகொடுக்க வேண்டும் என்று விதி வைத்தோம்.

பிறகு அந்த வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டோம். பையன் வந்தான். அவன் பொத்தானை அழுத்தியதும் வண்டி ஓடிச் சுவரில் முட்டியது. வாய்விட்டுச் சிரித்தான், பின்னோக்கிச் செலுத்தி மறுபடியும் முட்ட வைத்தான்!

"இதனால் எங்கள் பிள்ளைகளின் பாடம் தாமதமாகாதா?" என்று சிலர் கேட்கிறீர்கள். நியாயமான கேள்வியே. சில நாள் தாமதமாகத்தான் செய்கிறது. ஆனால் அந்தப் பட அட்டைகளை இன்று அதிகம் எடுத்துப் பார்ப்பவர்கள் உங்கள் பிள்ளைகளே.

ரோபோ எந்தக் குறையையும் தீர்க்கும் மருந்தன்று. அப்படி நாங்கள் வாக்களிக்கவும் இல்லை. எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து கற்கவேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது. சட்டம் கதவைத் திறக்கலாம். கருவியைக் கையில் கொடுக்க வேண்டியவர்கள் நாம்தான்.

ஆகவே பெற்றோர்களே, "நம் பிள்ளையால் முடியாது" என்று வீட்டிலேயே வைத்துவிடாதீர்கள். சனிக்கிழமை அழைத்து வாருங்கள். இனி யாரையும் பக்கத்தில் உட்கார வைக்கமாட்டோம்.