கடிதம் அல்ல, ஓர் ஆள்

(ஜூபிலி விழாவில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



ஜூபிலி நாளில் நாம் எழுப்பிய கட்டடங்களைப் பற்றிப் பேசுவது வழக்கம். இன்று நாம் மலையிறங்கிக் கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளைகளைப் பற்றிப் பேச விரும்புகிறோம்.

சென்ற ஆண்டு, தோட்டக் கூலிக்குப் போகும் ஒரு தாயின் மகன் நம்மிடம் வந்தான். மதுரையில் படிப்பவன். "சாமி, ஒரு சிபாரிசுக் கடிதம் கொடுங்க" என்றான். எழுதிக் கொடுத்தோம். அதை யாரிடம் கொண்டுபோவது என்று அவனுக்கும் தெரியவில்லை, நமக்கும் தெரியவில்லை. தான் படிக்கும் தொழிலைச் செய்கிற ஒருவரோடு அவன் பத்து நிமிடம்கூடப் பேசியதில்லை. அவனுக்கு வேண்டியது கடிதம் அல்ல, ஓர் ஆள் என்பதைப் பிந்தியே உணர்ந்தோம்.

1928-ஆம் ஆண்டு ஜெர்மானிய இயற்பியல் அறிஞர் சோமர்ஃபெல்டு சென்னைக்கு வந்தார். மாநிலக் கல்லூரி மாணவர் சந்திரசேகர் அவருடைய நூலை முன்னமே கருத்தூன்றிப் படித்திருந்தார். அந்தத் துணிவில் அறிஞர் தங்கிய விடுதிக்கே சென்றார். அறிஞர் புகழ்மொழி கூறவில்லை. நீ கற்ற இயற்பியல் பழையதாகிவிட்டது என்று உண்மையைச் சொன்னார். ஆனால் வெறுங்கையோடு அனுப்பவில்லை. இன்னும் வெளிவராத தம் கட்டுரையின் அச்சுப் படிகளைக் கையில் கொடுத்தார். மாணவர் மனமொடியாமல் அவற்றைக் கற்றார். தாமே ஒரு கட்டுரை எழுதி, இங்கிலாந்தில் ஃபௌலர் என்ற பேராசிரியருக்கு அனுப்பினார். அது 1929-இல் லண்டன் ராயல் சொசைட்டி இதழில் வெளியாயிற்று. மறு ஆண்டு அந்த ஃபௌலரிடமே ஆய்வு செய்யக் கப்பலேறினார். 1983-இல் நோபெல் பரிசு அவரை வந்தடைந்தது.

இது எங்கோ நடந்த கதை என்று எண்ணாதீர்கள். நம் மலைமேல் வானாய்வுக்கூடம் இருக்கிறதே, 1960 முதல் அதன் தலைவராயிருந்த வைணு பாப்புவும் இவ்வழியே வந்தவர்தாம். ஹைதராபாத்தில் மாணவராயிருந்த காலத்தில், அங்கு வந்த ஹார்வர்டு வானியலறிஞர் ஷேப்லியைச் சந்தித்தார். பின்னர் அதே ஹார்வர்டில் பயின்றார். 1949-இல் அங்கே கண்டறிந்த வால்மீன் ஒன்று அவர் பெயரையும் தாங்குகிறது.

இவர்கள் மேதைகள், நாம் எளியவர்கள் என்பீர்கள். மெய்தான். எனினும் இவர்கள் செய்ததில் எளியவர்க்கு இயலாதது எது? மாணவரே, போகுமுன் படியுங்கள். வேலை கேட்டுப் போகாதீர்கள். வேலையைப் பற்றிக் கேட்கப் போங்கள். குறை சொன்னால் வாடாதீர்கள். சொன்னதைச் செய்து முடித்து, மறுபடியும் போய்க் காட்டுங்கள். ஒரு சந்திப்பு உறவாவது அந்த இரண்டாம் முறையில்தான்.

பெரியோரே, நம் பங்கில் செவிலியர் உண்டு, ஆசிரியர் உண்டு, மின்வாரியத்திலும் வங்கியிலும் உழைத்து ஓய்வு பெற்றவர்களும் உண்டு. ஆளுக்கொரு மாணவரை மாதம் ஒருமுறை வீட்டிற்கு அழைத்துப் பேசலாகாதா? பணம் கேட்கவில்லை, ஒரு மணி நேரமும் ஒரு குவளைத் தேநீருமே கேட்கிறோம்.

பங்கு அலுவலகத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் திறந்திருக்கிறோம். இடப்பக்கம் மாணவர் பெயர், வலப்பக்கம் வழிகாட்டியின் பெயர். அந்தத் தாயின் மகன் இவ்வாண்டு படிப்பை முடிக்கிறான். அவன் பெயரை முதலாவதாக எழுதியிருக்கிறோம். எதிர்ப்பக்கம் இன்னும் வெறுமையாயிருக்கிறது. அங்கே தம் பெயரை எழுத நம்மில் யார் வருவார்?