குரங்கும் தேரையும்

பிரேசில் தேசத்தில் 2016-ம் வருஷக் கடைசியில் மஞ்சள் காய்ச்சல் கிளம்பி, மழைக்காடுகளில் அலறுங் குரங்குகள் ஆயிரக்கணக்கில் செத்து விழுந்தன. ஜனங்கள் என்ன செய்தார்கள்? வியாதியைக் கொண்டுவந்தது குரங்குதான் என்று, மிச்சமிருந்ததையும் பல இடங்களில் அடித்தும் விஷம் வைத்தும் கொன்றார்கள்! மனிதனுக்கு அக்காய்ச்சலைக் கொடுப்பது குரங்கல்ல, மரவுச்சியில் திரியும் கொசு. மனிதனுக்கு முந்திச் செத்து, "வியாதி வந்துவிட்டது, ஊசி போட்டுக்கொள்" என்று சொல்லாமல் சொல்லுவதே குரங்குதான். ஊசியோ 1937-லேயே கண்டுபிடித்தாயிற்று. சேதி கொண்டுவந்தவனைக் கொன்றால் வியாதி நின்றுவிடுமா என்று நாம் கேட்கிறோம்.

சற்று வடக்கே, மத்திய அமெரிக்காவுக்கு வாருங்கள். கோஸ்டா ரிக்காவில் மான்டிவெர்டே என்கிற மலைக்காட்டில் பொன்னிறத் தேரையொன்று இருந்தது, உலகில் வேறெங்குமில்லை. 1987-ல் கூட்டங் கூட்டமாய்க் கண்டார்கள். 1989-ல் ஒன்றே ஒன்று. அப்புறம் கிடையாது. அத்தேசத்திலும் பக்கத்துப் பனாமாவிலும் மற்றத் தவளை தேரைகள் ஒருவிதக் காளான் நோயால் மடிந்தன. அவை மடிந்த இடங்களில் பிறகு மலேரியா பெருகியதை ஆராய்ச்சிக்காரர்கள் கணக்கெடுத்து 2022-ல் வெளியிட்டார்கள். கொசுவையும் அதன் புழுவையும் தின்ன ஆளில்லாமற் போனதே காரணமாயிருக்கலாம் என்கிறார்கள்.